கைதட்டலும் கைகொடுத்தலும்

‘ரசிகர்’ என்னும் சொல் வடமொழி வழியாக நமக்கு வந்தது. ரசம் என்றால் சுவை; சுவையை அறிந்தவர் ரசிகர். கச்சேரியின் முன்வரிசையில் அமர்ந்து தொடையில் தாளம் போடும் பெரியவருக்கும் இச்சொல் பொருந்தும். திரையரங்க வாயிலில் விசிலடிக்கும் இளைஞருக்கும் இதுவே பெயர். ஆங்கிலத்தில் இதற்கு ஈடாக வழங்கும் ‘ஃபேன்’ என்னும் சொல்லின் பிறப்போ வேறு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்கரின் பேஸ்பால் களங்களில் பெருவழக்குப் பெற்ற அச்சொல் ‘ஃபனாட்டிக்’ என்பதன் குறுக்கம் என்பர். அதன் வேர் இலத்தீன் மொழியிலுள்ள ‘ஃபானும்’; அதற்குக் கோவில் என்பது பொருள். கோவில் முற்றத்தில் தெய்வ ஆவேசம் கொண்டு தம்மை மறந்து ஆடியவர்களையே உரோமையர் ‘ஃபனாட்டிக்குஸ்’ என்று அழைத்தனர். ஆக, ஒரு சொல் சுவையிலிருந்து பிறந்தது. மற்றது வழிபாட்டிலிருந்து பிறந்தது.

புதுப்படம் வெளியாகும் நாளில் விண்முட்ட நிற்கும் நடிகரின் உருவத்திற்குப் பாலை ஊற்றி ஆரவாரிக்கும் கூட்டத்தைக் காணும்போது, நம் சொல் முதல் வேரைச் சார்ந்ததாயினும் நம் செயல் இரண்டாம் வேரையே நினைவூட்டுகிறது. “காலம் கெட்டுவிட்டது” என்று பெருமூச்செறிந்து நாம் கடந்து போகிறோம். ஆனால் இது இக்காலத்தில் தோன்றிய நோயன்று. கிறிஸ்தவம் வேரூன்றி வளர்ந்த பெருநகரங்கள் பலவும் ரசிகர்களின் கூக்குரலால் அதிர்ந்த நகரங்களே. திருச்சபைத் தந்தையர் ரசிகர்களைப் பற்றித் தொலைவிலிருந்து எழுதியவர் அல்லர். காலையில் ஆலயத்தில் அவர்கள்முன் நின்ற அதே மக்கள்தாம் மாலையில் அரங்கில் அமர்ந்திருந்தனர். அந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நமக்கு நாமே கண்ணாடி காட்டிக்கொள்வது போலாகும்.

நிறத்தை நேசித்தவர்கள்

உரோமை நகரின் பெரிய தேரோட்ட அரங்கில் ஒன்றரை இலட்சம் பேர்வரை அமரலாம் என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். அங்கே தேர்கள் நான்கு அணிகளாகப் பிரிந்து ஓடின: சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம். ஒவ்வோர் அணிக்கும் தனி இலாயம், தனி ஆட்கள், தனி ரசிகர் கூட்டம். அடிமையும் பிரபுவும் ஒரே நிறத்திற்காகத் தொண்டை வற்றக் கத்தினர். பேரரசர்களுக்கும் ஆளுக்கொரு நிறம் இருந்தது.

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோக்ளெஸ் என்னும் தேரோட்டி, இன்றைய போர்த்துக்கல் நாட்டை உள்ளடக்கிய லுசித்தானியாவைச் சேர்ந்தவர். 24 ஆண்டுகள் தேரோட்டி, 4257 ஓட்டங்களில் கலந்துகொண்டு, 1462 வெற்றிகளைக் குவித்து, 42-ஆம் வயதில் ஓய்வுபெற்றார் என்று அவரைப் போற்றும் கல்வெட்டு கணக்கெழுதி வைத்திருக்கிறது. அவர் வெள்ளை அணியில் தொடங்கி, பச்சை அணிக்குச் சென்று, பின்னர்ச் சிவப்பு அணிக்கு மாறியவர் என்பதையும் அதே கல்வெட்டு மறைக்காமல் சொல்கிறது. தேரோட்டிக்கு நிறம் ஒரு தொழில். ரசிகருக்கோ அதுவே வாழ்வு.

அந்த வாழ்வின் இருண்ட பக்கமும் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்திருக்கிறது. எதிரணிக் குதிரைகளின் கால்களை முடக்குமாறும், தேரோட்டியைக் கவிழ்க்குமாறும் தீய ஆவிகளை வேண்டிக்கொள்ளும் ஈயத் தகடுகள் கார்த்தேஜ் முதலிய வட ஆப்பிரிக்க நகரங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. குதிரைகளின் பெயர்களும் அவற்றில் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பில்லி சூனியம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று.

கி.பி. 79-இல் மறைந்த மூத்த பிளினி ஒரு நிகழ்ச்சியைக் குறித்துவைத்திருக்கிறார். சிவப்பு அணியின் ஃபெலிக்ஸ் என்னும் தேரோட்டி இறந்து அவரது உடல் சிதையில் வைக்கப்பட்டபோது, அவருடைய ரசிகர் ஒருவர் அந்தத் தீயில் பாய்ந்தார். அது ஃபெலிக்ஸுக்குப் பெருமையாகிவிடுமே என்று அஞ்சிய எதிரணியினர், ‘நறுமணப் பொருள்களின் புகையில் மயங்கி விழுந்தார்’ என்று கதை கட்டினராம். தேரோட்டியின் பெயர் இன்றும் நிற்கிறது. தீயில் மாண்டவரின் பெயர் எங்கும் இல்லை. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோது துயரம் தாளாது தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்களை நினைவில் கொண்டுள்ள நம் தமிழகத்திற்கு இந்தப் பழங்கதை அந்நியமாகத் தோன்றாது. அவர்களுள் எத்தனை பேருடைய பெயரை நாம் சொல்ல முடியும்?

மூத்த பிளினியின் உடன்பிறந்தாள் மகனான இளைய பிளினி தம் கடிதம் ஒன்றில் கூர்மையான கேள்வியை எழுப்புகிறார். இம்மக்கள் குதிரையின் வேகத்தையோ ஓட்டுநரின் திறமையையோ விரும்பினாலும் ஏதோ பொருளுண்டு. இவர்கள் விரும்புவதோ ஒரு துணியின் நிறத்தை. ஓட்டத்தின் நடுவிலேயே நிறங்களை மாற்றிக் கொடுத்தால் இவர்களது ஆர்வமும் உடனே மாறிவிடும் என்கிறார். இது படித்த பிரபுவின் ஏளனம்தான். ஆனால் அதனுள் ஓர் உண்மை இருக்கிறது. தம் தலைவரை உயிரினும் மேலாக நேசிப்பதாகச் சொல்லும் ரசிகர், அந்த மனிதரை உண்மையில் கண்டிருக்கிறாரா? அல்லது அவர்மீது போர்த்தப்பட்ட நிறத்தைத்தான் கண்டிருக்கிறாரா?

கண்ணை மூடியவர், காதை மூடவில்லை

ஏறத்தாழ கி.பி. 200-இல் கார்த்தேஜ் நகரின் தெர்த்துல்லியன் ‘காட்சிகள்’ பற்றி ஒரு நூலையே எழுதினார். அரங்கம் சிலைவழிபாட்டோடு பிணைந்தது, வெறியைத் தூண்டுவது, ஆகையால் கிறிஸ்தவருக்கு ஆகாது என்று கடுமையாக வாதிட்டார். ஆனால் நூலின் இறுதியில் அவர் தரும் ஆறுதல் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. இதைவிடப் பெரிய காட்சி ஒன்று வருகிறது. கிறிஸ்தவரைத் துன்புறுத்திய ஆளுநர்கள் இறுதித் தீர்ப்பின் நெருப்பில் வேகும் நாளில் நாம் கண்டு களிக்கலாம் என்று பூரிக்கிறார். அரங்கைவிட்டு வெளியே வந்தவரின் உள்ளத்தில் அரங்கு அப்படியே இருந்தது! எதிரணி வீழ்வதைக் கண்டு மகிழும் அந்தச் சுவை, விசுவாசத்தின் ஆடையை உடுத்திக்கொண்டது, அவ்வளவே.

புனித அகுஸ்தினாரின் பார்வை இதனினும் ஆழமானது. ஏனெனில் அவர் தம்மையும் தம் நண்பரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுப் பேசுகிறார். ‘அறிக்கைகள்’ நூலின் ஆறாம் புத்தகத்தில் அவர் சொல்லும் அலிப்பியுஸின் கதையை நம்மில் பலர் அறிவோம். சட்டம் பயில உரோமைக்குச் சென்றிருந்த அலிப்பியுஸ், மனிதர் மனிதரை வெட்டிச் சாய்க்கும் கிளாடியேட்டர் போர்களை வெறுத்தவர். நண்பர்கள் ஒருநாள் அவரை வலுக்கட்டாயமாக அரங்கிற்கு இழுத்துச் சென்றனர். ‘உடல்தானே அங்கிருக்கும், உள்ளம் இராது’ என்று உறுதியாகச் சொல்லிக் கண்களை இறுக மூடி அமர்ந்தார். களத்தில் ஒருவர் வீழ்ந்தார்; கூட்டம் பெருங்குரல் எழுப்பியது. என்னவென்று அறியும் ஆவலில் அவர் கண் திறந்தார். வாளால் வெட்டுண்டவர் உடலில் பெற்ற காயத்தினும் பெரிய காயத்தை அக்கணமே அவர் உள்ளத்தில் பெற்றார் என்கிறார் அகுஸ்தினார். அதன்பின் அவரும் கத்தினார், வெறிகொண்டார்; தாமே பிறரை அழைத்துச் செல்பவராக மாறினார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அலிப்பியுஸை வென்றது குருதி அன்று, கூட்டத்தின் குரல். கண்ணுக்கு இமை உண்டு. காதுக்கு இமை இல்லை. தனியே நின்றால் எந்த மனிதர் இறந்தாலும் பதறும் உள்ளம், ஆயிரம் பேர் நடுவே அமர்ந்ததும் அவரது வீழ்ச்சியில் மகிழக் கற்றுக்கொள்கிறது. அலிப்பியுஸ் பின்னர் மனந்திரும்பி, 387-இல் மிலான் நகரில் பாஸ்கா திருவிழிப்பின்போது அகுஸ்தினாருடன் திருமுழுக்குப் பெற்றுத் தகாஸ்தே நகர் ஆயரானார் என்பது நமக்கு ஆறுதல்.

அகுஸ்தினார் தம்மைப் பற்றிச் சொல்வது இன்னும் நுட்பமானது. கார்த்தேஜில் மாணவராக இருந்தபோது நாடகக் கொட்டகையே கதியென்று கிடந்ததாகவும், மேடையில் துன்புறுவோரைக் கண்டு கண்ணீர் விட்டு அதில் இன்பம் கண்டதாகவும் மூன்றாம் புத்தகத்தில் ஒப்புக்கொள்கிறார். பின்னர் ஆராய்ந்து பார்க்கிறார்: இது எத்தகைய இரக்கம்? பார்வையாளரை யாரும் உதவிக்கு அழைப்பதில்லை; வருந்துவதற்கு மட்டுமே அழைக்கிறார்கள். வருத்தம் மிகுந்தால் அது நடிகருக்கு வெற்றி. இரக்கம் இங்கே கைகால் இழந்து கண்ணீராக மட்டும் நிற்கிறது. ரசிகரின் அன்பு பொய்யன்று. ஆனால் அந்த அன்புக்குச் செய்ய வேலை ஒன்றும் இல்லை. இதுவே அகுஸ்தினார் கண்டறிந்த காயம் என்று நாம் கருதுகிறோம்.

பொன்வாயருக்குக் கிடைத்த கைதட்டல்

அரங்கை விட்டு ஆலயத்திற்குள் வந்துவிட்டால் இச்சிக்கல் தீர்ந்துவிடுமா? தீராது என்பதற்குப் ‘பொன்வாயர்’ எனப் புகழ்பெற்ற புனித யோவான் கிறிசோஸ்தோமின் வாழ்வே சான்று. அந்தியோக்கியாவில் குருவாக இருந்தபோது யோவான் நற்செய்தியைப் பற்றி ஆற்றிய மறையுரை ஒன்றில் அவர் மக்களைக் கடிந்துகொள்கிறார். பந்தயக் குதிரைகளின் பெயர், குலம், பிறந்த ஊர் எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். பவுல் எழுதிய மடல்கள் எத்தனை என்று கேட்டால் விழிக்கிறீர்கள் என்கிறார். கிரிக்கெட் வீரரின் ஓட்டக் கணக்கை விரல்நுனியில் வைத்திருக்கும் நம் பிள்ளைகளை மட்டுமன்று, நம்மையும் அவர் கேட்பதுபோல் இருக்கிறது.

398-இல் அவர் கான்ஸ்டாண்டிநோபிள் நகரின் ஆயரானார். அங்கே கடும் மழையால் பயிர்கள் அழியும் நிலை வந்தபோது, மக்கள் மன்றாட்டுப் பாடிப் பவனி சென்றனர். மழை ஓய்ந்தது. மூன்று நாள்கூடக் கழியவில்லை. ஆண்டவர் பாடுபட்ட கிழமையான வெள்ளியன்று அவர்கள் தேரோட்ட அரங்கில் கத்திக்கொண்டிருந்தனர். அந்தக் கூக்குரலைத் தம் இல்லத்திலிருந்தே கேட்க நேர்ந்த ஆயரின் துயரம் அடுத்த மறையுரையில் கொதித்தெழுந்தது.

ஆனால் அவரைப் பெரிதும் வாட்டியது வேறொன்று. அக்காலத்தில் நல்ல மறையுரைக்கு மக்கள் கைதட்டி ஆர்ப்பரிப்பது வழக்கம். திருத்தூதர் பணிகள் நூலைப் பற்றிய மறையுரை ஒன்றில் அவர் வெளிப்படையாகவே தம் உள்ளத்தைத் திறந்து காட்டுகிறார். நீங்கள் கைதட்டும்போது நானும் மனிதன்தானே, மகிழ்கிறேன். வீடு சென்று எண்ணிப் பார்க்கையில், தட்டியவர் எவரும் பயன்பெறவில்லையே என்று வேதனைப்படுகிறேன். ஆகையால் இனி ஆலயத்தில் கைதட்டக்கூடாது என்று ஒரு விதி செய்வோம் என்கிறார். உடனே என்ன நடந்தது? அந்த அறிவிப்புக்கும் மக்கள் கைதட்டினர்! ‘கைதட்டாதீர் என்பதற்கா கைதட்டுகிறீர்கள்?’ என்று அவர் திகைத்ததும் அம்மறையுரையிலேயே பதிவாகியிருக்கிறது.

நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆயினும் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்து, “சாமி இன்று அருமையாகப் பேசினார்” என்று பாராட்டிவிட்டு, அவர் என்ன பேசினார் என்பதை வாசற்படியிலேயே விட்டுச்செல்லும் நமக்கும் அக்கூட்டத்திற்கும் எவ்வளவு தூரம்?

அரசவையின் பகைக்கு ஆளாகி 403-இல் அவர் நாடுகடத்தப்பட்டபோது மக்கள் திரண்டெழுந்து முழங்கினர். அவர் திரும்ப அழைக்கப்பட்டார். 404-இல் மீண்டும் நாடுகடத்தப்பட்டார். இம்முறை முழக்கம் பயன்படவில்லை. 407-இல் நெடுவழிப் பயணத்தின் களைப்பால் அவர் உயிர்துறந்தார். அந்தக் கடைசி ஆண்டுகளில் அவருக்குத் துணைநின்றவர்களுள் முதன்மையானவர் ஒலிம்பியாஸ் என்னும் திருத்தொண்டர். இளமையில் கைம்பெண்ணாகி, பெருஞ்செல்வத்தை ஏழைகளுக்கு வாரி வழங்கிய அப்பெண்மணி, ஆயருக்காக வழக்கையும் நாடுகடத்தலையும் ஏற்றார். ஆயர் அவருக்கு எழுதிய 17 மடல்கள் இன்றும் உள்ளன. கைதட்டியவர்களின் ஒலி காற்றோடு போயிற்று. கைகொடுத்தவரின் பெயர் நிலைத்தது.

சிலுவையையும் கொடியாக்கியபோது

ஆறாம் நூற்றாண்டிற்குள் பேரரசு முழுவதும் கிறிஸ்தவ மயமாகிவிட்டது. ஆனால் நீலமும் பச்சையும் மறையவில்லை. முன்னினும் வெறி கொண்டன. 507-இல் போர்ஃபிரியுஸ் என்னும் புகழ்பெற்ற தேரோட்டி அந்தியோக்கியாவிற்கு வந்து பச்சை அணியை வெற்றி பெறச் செய்தார். வெற்றிக் களிப்பில் திளைத்த அவ்வணியினர் அருகிலிருந்த தாப்னே என்னும் ஊருக்குள் புகுந்து யூதரின் தொழுகைக்கூடத்தைக் கொள்ளையடித்து, பலரைக் கொன்று, அங்கே சிலுவையை நட்டு அவ்விடத்தை மறைசாட்சி ஒருவரின் ஆலயமாக்கினர் என்று யோவான் மலலாஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். இதனை நாம் தலைகுனிந்தே வாசிக்க வேண்டும். பகைவருக்காகவும் மன்றாடியவர் தொங்கிய சிலுவை, அன்று ஒரு ரசிகர் கூட்டத்தின் வெற்றிக்கொடியாயிற்று.

532 சனவரியில் கான்ஸ்டாண்டிநோபிளில் நிகழ்ந்தது யாவரும் அறிந்த பெருந்துயரம். கலகத்திற்காகத் தூக்கிலிடப்பட்டவர்களுள் இருவர், தூக்குமரம் முறிந்ததால் உயிர்தப்பினர். ஒருவர் நீலம், மற்றவர் பச்சை. துறவியர் அவர்களை எடுத்துச் சென்று புனித லாரன்ஸ் ஆலயத்தில் அடைக்கலம் தந்தனர். அவர்களுக்கு மன்னிப்பு வழங்கப் பேரரசர் ஜஸ்டினியன் இசையாததால் நீலமும் பச்சையும் வரலாற்றில் அரிதாக ஒன்றுசேர்ந்தன. தேரோட்டிகளை ஊக்குவிக்கும் ‘நிக்கா’, அதாவது ‘வெல்க’ என்னும் முழக்கமே கலகத்தின் முழக்கமாயிற்று. நகரம் பற்றியெரிந்தது. பேராலயமும் சாம்பலானது. இறுதியில் படைகள் அரங்கை வளைத்து 30,000 பேரைக் கொன்றன என்று புரோக்கோப்பியுஸ் கணக்கிடுகிறார். அழிந்த ஆலயத்தின் இடத்தில் எழுந்து 537-இல் அர்ச்சிக்கப்பட்டதே, உலகம் வியக்கும் திருஞானப் பேராலயம், அதாவது ஹகியா சோஃபியா.

இத்துயரத்தில் இரக்கம் எங்கே இருந்தது? இருவரின் நிறத்தையும் கேளாமல் அவர்களைத் தூக்கிச் சென்ற அந்தத் துறவியரிடம் இருந்தது.

இருக்கையிலிருந்து இறங்கியவர்

அவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அவ்வழியில் நடந்த இன்னொரு துறவியை நாம் மறத்தலாகாது. தெயோதோரேத் எழுதிய திருச்சபை வரலாறு அவரைத் தெலெமாக்குஸ் என்று குறிப்பிடுகிறது. பேரரசர் ஹொனோரியுஸ் காலத்தில் கிழக்கிலிருந்து உரோமைக்கு வந்த அவர், கிளாடியேட்டர் அரங்கிற்குச் சென்றார். பார்வையாளராக அமரவில்லை, களத்தில் இறங்கிப் போரிட்டவர்களைத் தடுத்து நிறுத்த முயன்றார். காட்சி கெட்டதே என்று சினந்த கூட்டம் அவரைக் கல்லால் எறிந்து கொன்றது. செய்தியறிந்த பேரரசர் அவரை மறைசாட்சிகளுள் ஒருவராகக் கருதி அப்போர்களுக்கு முடிவு கட்டினார் என்கிறார் தெயோதோரேத். ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அக்கொடுமை உரோமையிலிருந்து மறைந்தது.

அலிப்பியுஸும் தெலெமாக்குஸும் கண்டது ஒரே வகைக் காட்சி. ஒருவர் கண்ணை மூடித் தம் தூய்மையைக் காக்க முயன்று தோற்றார். மற்றவர் கண்ணைத் திறந்து பார்த்தார், பார்த்ததனால் இறங்கினார். எரிகோ பாதையில் அடிபட்டுக் கிடந்தவரைக் குருவும் கண்டார், லேவியரும் கண்டார், சமாரியரும் கண்டார். காண்பதில் மூவருக்கும் வேறுபாடில்லை. அருகில் சென்றவர் ஒருவரே.

ரசனையே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. நல்ல பாடலுக்குத் தலையசைக்கவும், நல்ல ஆட்டத்திற்குக் கைதட்டவும் தெரியாத உள்ளம் வறண்ட உள்ளம். நம் நாட்டிலேயே ரசிகர் மன்றங்கள் சில நற்பணி மன்றங்களாக மாறி, இரத்ததானம் செய்வதையும், வெள்ளம் வந்தபோது உணவுப்பொட்டலம் சுமந்து செல்வதையும் நாம் பார்க்கிறோம். அங்கே ரசிகர் இருக்கையிலிருந்து இறங்கிவிடுகிறார். அந்த இளைஞர்களை இகழ நமக்கு உரிமையில்லை. அவர்களிடமிருந்து கற்கவே கடமையுண்டு.

கல்வாரியில் நடந்ததைக் குறிக்க லூக்கா ‘காட்சி’ என்னும் பொருள்தரும் சொல்லையே ஆள்கிறார். அதைக் காண வந்த கூட்டம் மார்பில் அறைந்துகொண்டு வீடு திரும்பியது என்கிறார் (லூக்கா 23). தவக்காலந்தோறும் நம் பங்குகளில் பாஸ்கா நடைபெறும்போது, சிலுவை தூக்கி வருபவரைக் கண்டு நாமும் கண்ணீர் விடுகிறோம். அக்கண்ணீர் உண்மையானதே. ஆனால் அன்று அந்தக் கூட்டத்தில் ஒருவருடைய தோளில் மட்டும் மரத்தின் பாரம் ஏறியது. வயலிலிருந்து வந்துகொண்டிருந்த சிரேன் ஊரைச் சேர்ந்த சீமோன் அவர். அவர் காட்சி காண வந்தவர் அல்லர். விரும்பிச் சுமந்தவரும் அல்லர். எனினும் அன்று கைதட்டியவர், கதறியவர், கைகொட்டி நகைத்தவர் ஆகிய அனைவரின் பெயரும் மறைந்துபோக, சுமந்தவரின் பெயரை நற்செய்தி காத்துவைத்திருக்கிறது.

அடுத்த முறை பாஸ்கா முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டு நாம் எழும்போது, நம் அருகில் பாரம் சுமந்து நடப்பவர் யாரென ஒரு கணம் நின்று பார்ப்போமா?